யாரும் தங்காத அறை

சலூன்காரருக்கு ஒரு வியாதி உண்டு. வியாதி என்று அவர் காதில் விழும்படி சொல்லிவிடாதீர்கள், சண்டைக்கு வந்துவிடுவார். தொழில் சுத்தம் என்று சொல்ல வேண்டும். கடையில் முடி வெட்டிக்கொண்டவர் நாற்காலியை விட்டு எழுந்து காலரை இழுத்துவிட்டுக்கொள்வதற்குள், இவர் கீழே கிடக்கும் முடியைப் பெருக்கி, துண்டை உதறி மடித்து, கண்ணாடியைத் துடைத்து, சீப்பைக் கழுவி, நாற்காலியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருப்பார். வெட்டிக்கொண்ட ஆள் திரும்பிப் பார்த்தால், தான் அங்கே உட்கார்ந்திருந்ததற்கு ஓர் அடையாளமும் இருக்காது. "அடுத்த ஆளுக்கு இடம் தயாரா இருக்கணும்ல?" என்பார். அவருக்குத் தெரிந்த வேதாந்தம் அது ஒன்றுதான்.

இதே மனுஷன் வீட்டுக்குள் நுழைந்தால் வேறு ஆள். ஒரு செருப்பு வாசலில் இருக்கும், இன்னொரு செருப்பை யாராவது கண்டுபிடிக்க வேண்டும். காபி குடித்த டம்ளர் ஜன்னல் விளிம்பில், ஈரத்துண்டு கட்டில் மேல், மூடியில்லாத பற்பசை முகம் பார்க்கும் கண்ணாடி பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அவர் மனைவியைத் தெருவே சலூன்காரம்மா என்று கூப்பிடும். அவள் பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். கல்யாணமான புதிதில் திட்டிக்கொண்டே பொறுக்கினாள். பிறகு திட்டுவது ஒரு தனி வேலையாக இருக்கிறது என்று அதை விட்டுவிட்டாள்.

அவளுக்குத்தான் பரிசு விழுந்தது. சோப்புத்தூள் பாக்கெட்டின் உறையை வெட்டி அனுப்பினால் குலுக்கல் என்று ஒரு கம்பெனி அறிவித்திருந்தது. அந்த வீட்டில் சோப்புத்தூள் உறைக்கா பஞ்சம்? முதல் பரிசு ஸ்கூட்டர். இரண்டாம் பரிசு, நகரத்தின் பெரிய ஓட்டலில் இரண்டு பேர் இரண்டு இரவு தங்கலாம், சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. சலூன்காரம்மாவுக்கு இரண்டாவது.

"சே! நூலிழையில ஸ்கூட்டர் போச்சே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் சலூன்காரர்.

"அது வந்திருந்தா நீங்க ஓட்டுவீங்க, நான் அதையும் துடைச்சுக்கிட்டு இருப்பேன். போனது நல்லதாப் போச்சு."

பரிசோடு ஓட்டல் அறையின் வண்ணப்படமும் வந்திருந்தது. கட்டில், திரைச்சீலை, பழக்கூடை எல்லாம் இருந்தும் சலூன்காரம்மாவின் கண் ஒரே இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. குளியல் தொட்டி. வெள்ளை வெளேரென்று, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளத்தில், விளிம்பு வரை நுரையோடு. அந்தப் படத்தைக் கத்தரித்து அரிசி டப்பாவின் மேல் ஒட்டிவைத்தாள்.

காரணம் இருக்கிறது. வீட்டில் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றவேண்டியதுதான், யாராவது கூப்பிடுவார்கள். அது என்ன ராசியோ! "அம்மா, என் சட்டை எங்க?" என்று மகன். "இந்தா, என் மூக்குக்கண்ணாடியை எங்க வச்ச?" என்று புருஷன். வாசலில் தண்ணீர் கேன்காரர், அவர் போனால் பக்கத்து வீட்டுக்காரி. யாரும் கூப்பிடாமல் ஒரு குளியலைக் குளித்து முடித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

"எனக்கு வேற எதுவும் வேண்டாங்க. அந்தத் தொட்டியில கழுத்து வரைக்கும் நுரையில படுத்துக் கிடக்கணும். உள்ளங்கை ஊறிச் சுருங்கிப் போற வரைக்கும். அதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கூப்பிடக் கூடாது. நீங்களும்தான்."

"அவ்வளவுதானே? நான் பொறுப்பு!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார் சலூன்காரர். நெஞ்சைத் தட்டிக்கொள்வதில் அவர் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

காலேஜ் படிக்கிற மகனை அவன் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். ஓட்டல் இருந்த பகுதி பணக்காரர்கள் புழங்கும் இடம். அங்கே சாலையோரத்து மரங்களுக்குக்கூட உருண்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். "காதோரம் கச்சிதமா எடுத்திருக்கான்" என்று ஒரு மரத்தைப் பார்த்துப் பாராட்டினார் சலூன்காரர். ஓட்டல் வாசலில் தங்கப் பொத்தான் வைத்த கோட்டுப் போட்டு ஒருவர் கதவைத் திறந்தார். முதலாளிதான் நேரில் வந்திருக்கிறார் என்று நினைத்து இவர் குனிந்து கும்பிட, அவர் பதறிப்போய் இன்னும் குனிய, இவர் அதைவிடக் குனிய, பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. அதற்குள் சீருடை போட்ட இன்னொருவர் பெட்டியைத் தூக்கப் பார்த்தார். பெட்டியின் ஜிப் பிய்ந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தது. "ஐயோ வேணாங்க, நானே தூக்கறேன்" என்று இவர் ஒரு பக்கம் இழுக்க, "எங்க வேலை சார்" என்று அவர் மறுபக்கம் இழுக்க, சலூன்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"விடுங்களேன், அவர் தூக்கட்டுமே! இதுக்குத்தானே வந்திருக்கோம்!"

அறையைப் பார்த்ததும் சலூன்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். பணக்காரத்தனத்தைப் பார்த்து அல்ல, சுத்தத்தைப் பார்த்து. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தண்ணீர்க் குவளைகளுக்குக் காகிதத் தொப்பி. குளியலறையில் இருந்த காகிதச் சுருளின் நுனியைக்கூட முக்கோணமாக மடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாரு, இதைப் பாரு! அடுத்த ஆளுக்குன்னு எப்படி வச்சிருக்காங்க! இவங்க நம்ம ஜாதி."

"அதெல்லாம் இருக்கட்டும், தொட்டியைப் பாருங்க" என்றாள் அவள். தொட்டி படத்தில் இருந்ததைவிடப் பெரியதாக இருந்தது. விளிம்பை விரலால் தடவிக்கொண்டே அதைச் சுற்றி வந்தாள். "சாயங்காலம் படுத்துடறேன்" என்று அதனிடமே சொல்லிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு அறைக்கு வெளியே ஒரு நடை போய்விட்டு வந்தாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் வியாதி வேலையைக் காட்டிவிட்டது. இவர் முகம் கழுவினார். கழுவியதும் கண்ணாடியில் தண்ணீர்த் துளி தெறித்திருந்தது. ஒரு துளிதான், விட்டிருக்கலாம். முடிந்தால்தானே! கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குழாயை. பிறகு தொட்டியில் மனைவியின் விரல் ரேகை தெரிந்ததால் தொட்டியை, முழுநீளத்துக்கும். துண்டை உதறி, இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தார். ஓட்டல் சோப்பைத் தொடவில்லை, கடையிலிருந்து சொந்த சோப்பு கொண்டுவந்திருந்தார். தன் பழைய பெட்டி அங்கே அசிங்கமாக இருப்பதாகத் தோன்றவே அதை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிவைத்து, உபரியாக இருந்த போர்வையை அதன் முன்னால் செருகி மறைத்தார்.

அவள் திரும்பி வந்தபோது கை நிறைய சோப்பு, தலைக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி, சின்னச் சின்ன ஷாம்பு குப்பிகள். ஓட்டல் நடைபாதையில் வண்டி தள்ளிக்கொண்டு போன ஆட்கள் "ஏதாவது வேணுமா மேடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை, எல்லாரிடமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அதையெல்லாம் பெட்டிக்குள் திணித்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனாள்.

"இப்பதாம்மா துடைச்சேன்!" என்று குறுக்கே வந்தார் சலூன்காரர். "காய்ஞ்சு எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு. நாளைக்கு நிதானமாக் குளியேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பயணக் களைப்பு, சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை அவள் கண்விழித்தபோது கட்டிலின் பாதி ஏற்கெனவே விரித்து முடிந்திருந்தது. அவர் பக்கம் சுருக்கம் இல்லாமல் இருந்தது, அவள் பக்கம் மட்டும் அவள் இருந்தாள். "கொஞ்சம் எழுந்தேன்னா இந்தப் பக்கத்தையும் இழுத்துவிட்டுடுவேன்" என்று காத்துக்கொண்டு நின்றார். பல் தேய்த்ததும் பிரஷ்கள் பெட்டிக்குள் போயின. குவளைகளுக்கு மறுபடி தொப்பி போட்டார். விரிப்பின் மேல் கிடந்த முடிகளை உள்ளங்கையால் ஒற்றி எடுத்தார். கடைசியாகக் காகிதச் சுருளின் முன்னால் நின்று நுனியை மடித்தார். முதல் தடவை முக்கோணம் கோணலாக வந்தது. அதைக் கிழித்துவிட்டு மறுபடி மடித்தார்.

"இப்ப குளிக்கறேன்" என்றாள் சலூன்காரம்மா.

"டிபன் நேரம் முடிஞ்சுடும்மா. சாப்பிட்டுட்டு ஊரைச் சுத்திட்டு வந்து சாயந்திரம் குளி. யார் கூப்பிடப்போறா உன்னை?"

அவர் வாயில் நல்ல வார்த்தையாகத்தான் வந்தது. என்ன செய்ய, நடக்க இருப்பது அவருக்குத் தெரியாதே.

சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளை அடுக்கி, மேஜையைக் கைக்குட்டையால் துடைத்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் எழுந்தார். பரிமாறுகிறவர் வேலை பறிபோன முகத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைவீதிக்குப் போனார்கள். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு கைப்பை, அதற்கு ஆறு விளக்கு. இன்னொரு கடையில் ஒரே ஒரு செருப்பு. "நம்ம வீட்டுலயும் உங்க செருப்பு இப்படித்தான் ஒத்தையா இருக்கு. ஒரு விளக்கு போட்டுடலாமா?" என்றாள் சலூன்காரம்மா. மூன்றாவதாக வந்தது ஒரு சலூன். சலூன்காரர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து உள்ளே பார்த்தார். நாற்காலியைச் சுற்றி முடி கிடக்கிறது. வெட்டுகிறவன் அதன் மேலேயே நடந்து போய் அடுத்த ஆளை உட்காரச் சொல்கிறான். அவள் கையைப் பிடிப்பதற்குள் மனுஷன் உள்ளே போய்விட்டார்.

"அப்பாயின்ட்மென்ட் இருக்கா சார்?" என்றாள் வாசல் மேஜைப் பெண்.

"இல்லம்மா. கீழ முடி கிடக்கு."

"ஆமா சார், இது சலூன்."

"துடைப்பம் எங்க இருக்கு?"

சலூன்காரம்மா அவரை முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிப் புலம்பினார்.

அறைக்குத் திரும்பினார்கள். கதவில் சாவி அட்டையைக் காட்டினால் சிவப்பு விளக்கு எரிந்தது. அட்டையைச் சட்டையில் துடைத்துக் காட்டினார், சிவப்பு. திருப்பிக் காட்டினார், சிவப்பு. கதவைத் தட்டினார். "இதோ வந்துட்டேன்" என்று உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது. சலூன்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

கதவு திறந்தது. ஓட்டலின் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஒரு பருத்த ஆசாமி நின்றார். உச்சந்தலை மைதானம், காதோரமும் பின்கழுத்தும் மட்டும் காடு. அந்தக் காட்டில் அங்கங்கே சோப்பு நுரை ஒட்டிக்கொண்டிருந்தது.

"காபியை உள்ள வச்சுட்டுப் போங்க" என்றார் அவர்.

"காபியா? இது எங்க ரூம்ங்க!"

"இல்லையே, என் ரூம். மதியம்தான் குடுத்தாங்க."

சலூன்காரம்மா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். குளியலறைக் கதவு திறந்திருந்தது. தொட்டி நிறைய நுரை, நடுவில் ஒரு ஆள் படுத்து எழுந்த பள்ளம்.

"ஏங்க" என்றாள். "என் தொட்டியில இவர் படுத்திருக்காருங்க."

சத்தம் கேட்டு மேனேஜர் ஓடிவந்தார். கோட்டும் டையுமாக, எப்போதும் சிரிக்கிற முகம். அவருக்குப் பின்னால் அறை சுத்தம் செய்கிற அம்மா தன் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள். "மன்னிக்கணும் சார், எங்க விவரப்படி இந்த ரூம்ல நேத்து யாருமே தங்கல. சாவியை வாங்கிட்டுத் தங்காமலே போயிட்டீங்கன்னு நினைச்சுட்டோம். இன்னிக்கு மாநாடு வேற, முடி கொட்டற நோய் டாக்டர்களோட மாநாடு. ஓட்டல் நிரம்பி வழியுது. அதான் ரூமை டாக்டருக்குக் குடுத்துட்டோம்."

"யாரும் தங்கலையா? அப்ப நாங்க யாரு?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கறேன்."

சலூன்காரர் டாக்டரின் உச்சந்தலையை ஒரு தடவை பார்த்தார், முடி கொட்டற நோய் என்பதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார், வந்த சிரிப்பை அப்படியே விழுங்கினார். அது சிரிக்கிற நேரம் இல்லை.

"நான்தான் சார் சொன்னேன்" என்று சுத்தம் செய்கிற அம்மா முன்னால் வந்தாள். "காலையில வந்து பார்த்தேன். கட்டில்ல ஒரு சுருக்கம் இல்ல. சோப்பு பிரிக்கல. கிளாஸ்ல தொப்பி அப்படியே இருக்கு. பேப்பர்கூட மடிச்சபடியே இருக்கு, அதுவும் நான் மடிக்கறதைவிட நல்லா. ஒரு முடி கிடையாது! மனுஷங்க தங்கினா ஒரு முடியாவது இருக்கும் இல்ல? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடினேன். நான் என்னன்னு நினைக்கறது?"

"எங்க பெட்டி உள்ள இருக்கு!" என்றார் சலூன்காரர். அலமாரியைத் திறந்து, போர்வையைத் தள்ளி, பெட்டியை இறக்கினார். இறக்கிய வேகத்தில் கயிறு அறுந்தது. வரவேற்பறையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் சாப்பாட்டுக் கூடத்திலிருந்தும் சேர்த்ததெல்லாம் தரையில் உருண்டது. சோப்புகள், ஷாம்பு குப்பிகள், பிளாஸ்டிக் தொப்பிகள், ஜாம் குப்பிகள், ஒரு கைப்பிடி சர்க்கரைப் பொட்டலம். ஒரு ஜாம் குப்பி உருண்டுபோய் மேனேஜரின் பூட்ஸில் இடித்து நின்றது.

மேனேஜர் குனிந்து அதை எடுத்துப் பார்த்தார். "சரி, தங்கியிருக்காங்க" என்றார்.

"எல்லாம் கேட்டு வாங்கினது!" என்றாள் சலூன்காரம்மா.

"ஒண்ணும் சொல்லலையே மேடம். ஆனா சார், எனக்கு ஒண்ணு புரியல. எதுக்கு இப்படித் துடைச்சு வச்சீங்க? அதுக்கு நாங்க ஆள் வச்சிருக்கோமே?"

சலூன்காரருக்கு இது தெரிந்த கேள்வி. நெஞ்சை நிமிர்த்தினார். "தொழில் சார். நான் ஒரு இடத்தை விட்டு எழுந்தா, அது அடுத்த ஆளுக்குத் தயாரா இருக்கணும். முப்பது வருஷப் பழக்கம். நமக்கு அடுத்து வர்றவங்க முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

மேனேஜர் "அருமை சார்" என்றார். டாக்டர் தலையாட்டினார். சலூன்காரம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நல்ல சிரிப்பாகத்தான் கிளம்பியது. பாதியில் அது வேறாகிவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன். கடையில முன்னபின்ன தெரியாத ஆளுக்கெல்லாம் துடைச்சு வைக்கறீங்க. இங்க யாருன்னே தெரியாத இந்த டாக்டருக்காகத் தொட்டியைத் தேய்ச்சு வச்சிருக்கீங்க. வீட்டுல உங்களுக்கு அடுத்த ஆளு நான்தானே?"

சலூன்காரர் திருதிருவென விழித்தார். ஜன்னல் விளிம்பு டம்ளரும் கட்டில் மேல் ஈரத்துண்டும் வரிசையாக அவர் கண்முன் வந்து நின்றன. அவற்றை எடுக்கிற கையை இத்தனை வருஷம் அவர் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. அங்கி போட்ட டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நியாயமான கேள்வி" என்றார்.

"வேற ரூம் ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்றார் மேனேஜர் அவசரமாக. "ஷவர் மட்டும்தான், தொட்டி கிடையாது. இன்னிக்கு ஒரு ராத்திரிதானே சார், கொஞ்சம் பொறுத்துக்கங்க..."

"பரவாயில்ல" என்று சலூன்காரரின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் பெரிய மனிதர்களிடம் சொன்ன வார்த்தை அதுதான். மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து சோப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இங்கேயும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லைன்னு நான் சொல்லமாட்டேன் சார்" என்றார். "பரிசு இவளுக்கு விழுந்தது. இவ கேட்டது அந்தத் தொட்டி மட்டும்தான். நேத்தும் நான்தான் தடுத்தேன், காலையிலயும் நான்தான் தடுத்தேன். தப்பு என்மேல. நான் வேணா வாசல்ல அந்தத் தங்கப் பொத்தான்காரர் பக்கத்துல நின்னு தூங்கறேன். தொட்டி இவளுக்கு வேணும்."

சலூன்காரம்மா சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் மாறிக்கறேன்" என்றார் டாக்டர். "நான்தான் குளிச்சாச்சே. ஆனா ஒரு உதவி வேணும். இன்னும் கொஞ்ச நேரத்துல மேடையேறணும். கீழ இருக்கற சலூன்ல நாளைக்குத்தான் நேரம்னு சொல்லிட்டாங்க. பின்னாடி இந்தக் காடு..." என்று பின்கழுத்தைத் தடவினார். "முடி வளர்க்கறது எப்படின்னு பேசப்போறேன். உச்சியில ஒண்ணும் காட்ட முடியாது. ஓரமாவது ஒழுங்கா இருக்கட்டுமே."

சலூன்காரருக்குக் கை பரபரத்தது. கத்தரியும் சீப்பும் இல்லாமல் அவர் எங்கேயும் கிளம்புவதில்லை. ஜாம் குப்பிகளுக்கு நடுவிலிருந்து அவற்றை எடுத்தார். டாக்டரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, கச்கச்சென்று வேலையை ஆரம்பித்தார். மேனேஜர்கூடக் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தார். முடிந்ததும் டாக்டர் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்து, "இனிமே இந்த முடிக்குக் கொட்டறதுக்குக்கூட மனசு வராது" என்று சொல்லிவிட்டு, துணிமணியை அள்ளிக்கொண்டு ஷவர் அறைக்குப் போனார்.

கம்பளத்தின் மேல் முடி கிடந்தது. நரைத்த முடி, கறுத்த முடி, கொத்துக்கொத்தாக. சலூன்காரர் தன்னை அறியாமல் குனிந்தார்.

"கையை எடுங்க!" இரண்டு குரல் ஒன்றாகக் கேட்டது. ஒன்று மனைவி. இன்னொன்று அறை சுத்தம் செய்கிற அம்மா.

"சார், உங்களைக் கும்பிடறேன், அது அப்படியே கிடக்கட்டும்" என்றாள் அந்த அம்மா. "உங்களால எனக்குத்தான் திட்டு. அறையில ஆள் இருக்கா இல்லையான்னுகூடத் தெரியலையா உனக்குன்னு மேனேஜர் கத்தறாரு. நான் வேலை செய்யத்தான் சார் வர்றேன். கொஞ்சம் தயவு பண்ணி அழுக்குப் பண்ணுங்க."

பிறகு அவளே தொட்டியை வடித்து, தேய்த்துக் கழுவி, புதுசாக வெந்நீர் பிடித்தாள். சலூன்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "குடும்மா, அந்த ஓரத்தை நான் தேய்க்கறேன்" என்று எழுந்தாள். "உட்காருங்க மேடம்!" என்று ஓர் அதட்டல் வந்தது. உட்கார்ந்தாள். தனக்காக இன்னொருத்தி தேய்ப்பதை உட்கார்ந்து பார்ப்பது முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் சுகமாக இருந்தது. சேர்த்துவைத்த ஷாம்பு குப்பிகளில் பாதியை அந்தத் தண்ணீரில் கவிழ்த்தாள். நுரை பொங்கி விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது.

கதவு மூடியது. சலூன்காரர் அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். தொலைபேசி ஒரு மணி அடிப்பதற்குள் பாய்ந்து எடுத்து, "குளிக்கறாங்க" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்தார். மன்னிப்புக் கேட்டு மேனேஜர் அனுப்பிய பழக்கூடையோடு ஒருவர் வந்தார். அவர் வாயைத் திறக்குமுன் இவர் உதட்டில் விரலை வைத்துக் கூடையைப் பிடுங்கிக்கொண்டார். அதன்பின்தான் சோதனை வந்தது. சாயங்காலம் குடித்த இளநீரும் காபியும் சேர்ந்து அடிவயிற்றை முட்டின. குளியலறை ஒன்றுதான், அதற்குள் மகாராணி படுத்திருக்கிறாள். கதவைத் தட்ட ஒரு தடவை கையைக்கூடத் தூக்கினார். தூக்கிய கையை இறக்கிவிட்டு, முழங்கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு நடைபாதையில் ஓடி, லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியில் இறங்கி, வரவேற்பறைக் கழிவறைக்குப் போய்ச் சேர்ந்தார். போகிற வழியில் தங்கப் பொத்தான்காரர் கும்பிட்டார். திருப்பிக் கும்பிடுகிற நிலையில் இவர் இல்லை.

அவர் திரும்பி வந்து வெகுநேரம் கழித்துத்தான் சலூன்காரம்மா வெளியே வந்தாள். முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவரிடம் காட்டினாள். நன்றாக ஊறிச் சுருங்கியிருந்தன. குளியலறைத் தரையில் நுரை, ஈரத்துண்டு ஒரு மூலையில், காகிதச் சுருளின் நுனி எப்படியோ தொங்கியது. சலூன்காரர் அதைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு அவர் எதையும் தொடவில்லை, தூங்கினாரா என்பது வேறு விஷயம்.

வீடு திரும்பிய மறுநாள் காலை சலூன்காரம்மா கண்விழித்தபோது பக்கத்தில் கட்டில் சுருக்கமில்லாமல் இருந்தது. ஜன்னல் விளிம்பில் டம்ளர் இல்லை. அது சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருந்தது. இரண்டு செருப்பும் வாசலில் ஜோடியாக நின்றன. குளியலறைக்குப் போனாள். வாளியில் தண்ணீர் நிரம்பியிருந்தது, பற்பசைக்கு மூடி இருந்தது, கண்ணாடியில் ஒரு துளி இல்லை. கொடியில் அவளுடைய துண்டு மடித்துப் போட்டிருந்தது. அதன் நுனி முக்கோணமாக, கொஞ்சம் கோணலாக மடிந்திருந்தது.

"ஏங்க!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "இந்த வீட்டுல யாராவது தங்கியிருக்காங்களா?"

தாழ்ப்பாள் போட்டு, முதல் சொம்பைத் தலையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். இரண்டாவது சொம்பு ஊற்றினாள். கதவுக்கு வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, மகனின் கால் சத்தம் கேட்டது, பிறகு ஒரு கிசுகிசுப்பு.

"ஸ்ஸ்! அம்மா குளிக்கறா. உன் சட்டையை நீயே தேடு. தண்ணி கேன்காரர் வந்தா என்கிட்ட அனுப்பு."

வாளி காலியாகும் வரை யாரும் கூப்பிடவில்லை. சலூன்காரம்மா குழாயைத் திறந்து இன்னொரு வாளி தண்ணீர் பிடித்தாள்.